ஓய்ந்த இயந்திரமும் ஓர் ஆமைப்பூட்டும்

குளத்து நீரை நம்பி வாழும் ஊர்களில் மதகின் திறப்பு எல்லார் கையிலும் இருப்பதில்லை. அதற்கென்று ஒருவர் பொறுப்பாக இருப்பார். வட்டவிதானை என்று பழைய வழக்கிற் கூறப்பட்டவர் அவரே. வாய்க்காலுக்குள் இறங்கி நாலு பேர் சேறு அள்ளும்போது, மேலே மதகைத் திறந்துவிட எவரும் துணியார். உள்ளே ஆள் நிற்கின்றது என்பது ஒன்று. திறப்பு வேறொருவர் மடியில் இருக்கின்றது என்பது மற்றொன்று. முன்னையது மனிதரின் நினைவைப் பொறுத்தது. பின்னையது நினைவைப் பொறுத்ததன்று. நினைவு தவறினாலும் மதகு திறவாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இறக்காமம் குளமும் வயலும் சூழ்ந்த ஊர். அம்பாறை மாவட்டமோ இலங்கையின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று. வேளாண்மை வெட்டு முடிந்ததும் மூடை மூடையாக நெல் ஆலைகளை நோக்கிப் புறப்படுகின்றது. இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரைவாகுப் பக்கம் வரை பரந்து கிடக்கும் இப்பிரதேசத்தில் நெல்லவிக்கும் கொதிகலனும், உமி நீக்கும் உருளையும், அரிசி தீட்டும் பொறியும் புதியன அல்ல. மறுபுறத்தே ஹிங்குரானையிற் கரும்பாலையின் பெரும் உருளைகள் சுழல்கின்றன. ஒரு காலத்தில் உரலும் உலக்கையும் செய்த வேலையை இன்று மின்சாரம் செய்கின்றது. உலக்கை ஓய்ந்தால் ஓய்ந்ததுதான். மின்சாரத்தால் இயங்கும் பொறி ஓய்ந்தாலோ, அது உண்மையில் ஓய்ந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

ஒரு காட்சியை நேயர்கள் மனத்திற் கொள்ளுக. இஃது எந்த ஒரு குறித்த ஆலையின் கதையுமன்று. எந்த ஆலையிலும் நடக்கக் கூடியது. பெரும்போக அறுவடைக் காலம். வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. நெல்லை மேலே ஏற்றும் வாளி ஏற்றி, தொழிலாளர் ‘எலிவேற்றர்’ என்று வழங்குவது, அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்நேரம் ளுஹர் தொழுகைக்கு அழைப்புக் கேட்கின்றது. பலரும் பள்ளிவாசலை நோக்கிப் போகின்றனர். மூத்த தொழிலாளி ஒருவர் ஆளியை அணைத்துவிட்டு, “இந்தச் சின்ன வேலையை முடித்துவிட்டு வருகின்றேன்” என்று அடிப்பெட்டியின் கதவைக் கழற்றி, உள்ளே தோள் வரை கையை விட்டு, இறுகிக் கிடக்கும் நெல்லைத் தோண்டுகின்றார். முன்வரிசைத் தொழுகையை முடித்த இளைஞன் ஒருவன் விரைந்து திரும்புகின்றான். ஆளி இருக்கும் சுவரிலிருந்து அடிப்பெட்டி கண்ணுக்குத் தெரியாது. “காக்கா, போடட்டுமா?” என்று கேட்கின்றான். பக்கத்து இயந்திரத்தின் இரைச்சலில் அந்தக் கேள்வி யார் காதிலும் விழவில்லை. மறுமொழி வராமையை ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டு, ஆளியை அழுத்துகின்றான்.

இதன் பின் நடப்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் கருதுதல் வேண்டும். அவ்விளைஞன் பகைவன் அல்லன், சோம்பேறியும் அல்லன். முதலாளியின் வேலை தாமதமாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தோடு வந்தவன். அவர் கை போயிற்று. இவன் நித்திரை போயிற்று. ஓர் அழுத்தலில் இரண்டு குடும்பங்கள் வீழ்ந்தன. இதனைத் தடுத்திருக்கக் கூடியது ஓர் ஆமைப்பூட்டு. இதைவிட வேறு பெரிய செலவு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இயந்திரம் ஓடும்போது அதனிடத்து அச்சம் இருக்கின்றது. பற்சக்கரம் சுழல்வது கண்ணுக்குத் தெரிகின்றது. ஓசை காதை எச்சரிக்கின்றது. ஓடும் பொறிக்குள் கையை விடுவோர் சிலரே. நின்ற பொறியோ அமைதியாக இருக்கின்றது. அந்த அமைதியை நம்பியே மனிதன் தன் கையையும் தலையையும், சில வேளை முழு உடலையும் உள்ளே செலுத்துகின்றான். துப்புரவு செய்தல், அடைப்பு நீக்குதல், வார் மாற்றுதல், எண்ணெய் இடுதல், பழுது பார்த்தல் ஆகிய வேலைகள் யாவும் நின்ற பொறியிலேயே நடைபெறுகின்றன. ஆகவே, எதிர்பாராது விழித்துக்கொள்ளும் இயந்திரமே கொடியது.

விழிப்பதற்கு மின்சாரம் ஒன்றுதான் காரணம் என்று எண்ணுதலும் தவறாகும். இயந்திரத்துள் ஆற்றல் பல வடிவில் ஒளிந்திருக்கின்றது. கனத்த பறப்புச்சில்லு ஆளி அணைந்த பின்னரும் தன் வேகத்தாற் சுழன்றுகொண்டிருக்கும். நெல் நிறைந்த வாளிகள் ஒரு பக்கமும் வெறும் வாளிகள் மறு பக்கமுமாக நின்றுவிட்ட ஏற்றியில், அடைப்பு நீங்கிய கணத்தில் பாரமான பக்கம் பின்னோக்கி இறங்கும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, புவியீர்ப்பே போதும். அழுத்தி வைக்கப்பட்ட வில்லுச்சுருள், குழாயில் அடைபட்ட காற்று, எண்ணெய் அமுக்கத்தாற் தூக்கி நிறுத்தப்பட்ட பாரம் ஆகியன யாவும் அத்தகையனவே. மின்சுற்றில் உள்ள கொள்ளளவிகள் இணைப்புத் துண்டிக்கப்பட்ட பின்னரும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். நெற்களஞ்சியத்துள் மேற்பரப்பு திடமாகத் தோன்றும். அடியில் வெற்றிடம் விழுந்திருக்கும். மேலே கால் வைத்தவனை நெல்லே விழுங்கிவிடும்.

நீராவியின் இயல்பு எல்லாவற்றினும் கடியது. கொதிக்கும் நீர் ஆவியாகும்போது சாதாரண அமுக்கத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை வேண்டி நிற்கின்றது. நெல்லவிக்கும் கொதிகலனின் அடுப்பில் உமி எரிந்து முடிந்தாலும், உள்ளே இருக்கும் நீர் அமுக்கத்தின் கீழ்ச் சூடேறியபடியே இருக்கும். குழாயின் ஒரு திருகாணியைத் தளர்த்தினாற் போதும். அமுக்கம் வீழ்ந்த அதே கணத்தில் நீரே ஆவியாகிச் சீறும். நெருப்பை அணைத்துவிட்டோம் என்ற ஆறுதல் அங்கே உதவாது.

இவ்வாபத்து நெல்லாலைக்கு மட்டும் உரியதன்று. உலகத்தின் பெருந்தொழில்கள் எல்லாவற்றிலும் இதே தவறு வேறு வேறு உருவில் நிகழ்ந்திருக்கின்றது. 1988ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி, ஸ்கொத்லாந்துக்கு அப்பால் வடகடலில் நின்ற பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடையில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இரு பம்பிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகல் நேரத் தொழிலாளர் பழுதுபார்க்கக் கழற்றி, அந்தத் துவாரத்தை ஒரு தட்டினால் மூடி வைத்திருந்தனர். வேலை முடியவில்லை. அந்தப் பம்பியை இயக்கலாகாது என்பதற்கான எழுத்துச் சீட்டும் இருந்தது. மாலையில் ஆட்கள் மாறினர். இரவு ஏறத்தாழ 9.45 மணிக்கு மற்றைய பம்பி நின்றுவிட்டது. இரவு வேலையாளர் முதற் பம்பியைப் பற்றிய ஒரு சீட்டைக் கண்டனர். வால்வு கழற்றப்பட்டதைக் கூறும் சீட்டு அவர்கள் கண்ணிற் படவில்லை. பம்பியை இயக்கினர். எரிவாயு கசிந்தது, ஏறத்தாழப் பத்து மணிக்கு முதல் வெடிப்பு நிகழ்ந்தது. 167 பேர் மாண்டனர். நீதியரசர் கலன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990இல் வெளிவந்தது. அதில் 106 பரிந்துரைகள் இடம்பெற்றன. சீட்டு இருந்தது, ஆனாற் பம்பியைத் தடுத்து நிறுத்தும் பூட்டு இருக்கவில்லை என்பதே அந்நிகழ்ச்சி கூறும் பாடம். கடதாசி ஓரிடத்தில் இருக்க, ஆளி வேறோரிடத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1989 ஒக்டோபர் 23ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பசடீனாவில் ஒரு பிளாத்திக்குத் தொழிற்சாலை வெடித்து 23 தொழிலாளர் உயிரிழந்தனர். குழாய் ஒன்றின் அடைப்பை நீக்கும் வேலை அங்கே நடந்தது. வேலை நடக்கும்போது வால்வை இயக்கும் காற்றுக் குழல்களைக் கழற்றி வைத்தல் வேண்டும் என்பது விதி. அவை கழற்றப்படவில்லை; அதுவுமன்றி முன்பின்னாக மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்தது. அதனைப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் இருக்கவில்லை. இதில் வருந்தத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. ஆபத்தான ஆற்றலைப் பூட்டிக் கட்டுப்படுத்தும் விதியை அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிருவாகம் வெளியிட்டது 1989 செப்டெம்பர் 1ஆம் திகதி. அவ்விதி நடைமுறைக்கு வந்தது 1990 சனவரி 2ஆம் திகதி. இவ்விரு நாட்களுக்கும் இடையிலேயே அந்த ஆலை வெடித்தது. அவ்விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டால் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 120 உயிர்களும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படும் என்பது அந்த நிருவாகத்தின் மதிப்பீடு.

2012 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் உள்ள சூரைமீன் பதனிடும் ஆலையொன்றில், முப்பத்தைந்து அடி நீளமான அவிக்கும் கலனுள் ஒரு தொழிலாளி வேலையாக இறங்கியிருந்தார். அவர் வெளியே எங்கோ போயிருக்கின்றார் என்று நினைத்த சக தொழிலாளர், மீன் நிறைந்த கூடைகளை உள்ளே தள்ளிக் கதவை அடைத்து, நீராவியைத் திறந்தனர். அவரைத் தேடியவர்கள் வாகனத் தரிப்பிடத்திலும் தேடினர். கலனைத் திறந்து பார்க்கும் எண்ணம் பிந்தியே வந்தது. கதவில் அவருடைய பூட்டு ஒன்று தொங்கியிருந்தால் அந்தக் கதவு அடைபட்டிராது.

இலங்கையும் இப்பாடத்துக்கு விலக்கானதன்று. 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி நண்பகலுக்குப் பின் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. கெரவலப்பிட்டிய உபமின்னிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது உரிய ஒழுங்குமுறை பின்பற்றப்படாமையே அதற்குக் காரணமென விசாரணையில் தெரியவந்தது. எந்தப் பகுதி மின்னோட்டம் உள்ளது, எந்தப் பகுதி அற்றது என்பதை உறுதி செய்யாமல் நடந்த ஒரு செயல், பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை விளக்குகளை அணைத்துவிட்டது. 2018 ஏப்ரிலில் ஹொறணைப் பகுதி இறப்பர் ஆலையொன்றில் தொட்டியுள் விழுந்த ஒருவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் உட்பட ஐவர் மாண்டனர். உள்ளே இறங்குமுன் தொட்டியைப் பாதுகாப்பாக்கும் முறை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை மறந்தவர் இலர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் இல்லாத நேரத்தைத் துப்புரவுக்குப் பயன்படுத்துவது சிக்கனமான எண்ணமாகவே பலருக்குத் தோன்றும். ஆனால் மின்சாரம் போகும்போது ஆளி போட்டபடியே இருந்தால், அது திரும்பி வரும்போது எவரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மின்சாரம் நின்றால் தானாக விலகி, மீண்டும் கையால் அழுத்தும் வரை இணையாதிருக்கும் தொடக்கி ஆளிகள் உண்டு. அவை நல்லன. எனினும் அவையும் பழுதுபடக் கூடியவை. மின்வெட்டைப் பூட்டாக எண்ணலாகாது. வெட்டியவர் வேறோரிடத்தில் இருக்கின்றார். இங்கே உள்ளே ஒருவர் கை இருப்பதை அவர் அறியார்.

இனி, செய்ய வேண்டிய முறை யாது என்பதைக் காண்போமாயின், அஃது ஆறு படிகளில் அடங்கும்.

முதலாவது, அறிதல். இந்தப் பொறிக்கு ஆற்றல் எந்தெந்த வழியால் வருகின்றது? மின்சாரம் ஒரு வழியா, இரு வழியா? நீராவி வருகின்றதா? காற்றுக் குழாய் உண்டா? உயரத்தில் நிற்கும் பாரம் எது? ஒவ்வொரு பொறிக்கும் இதை ஓர் அட்டையில் எழுதிப் பொறியின் அருகே தொங்கவிடுதல் நன்று. அவசரத்தில் மூளை மறப்பதை அட்டை மறவாது.

இரண்டாவது, அறிவித்து நிறுத்துதல். அப்பொறியோடு தொடர்புடைய எல்லாருக்கும் கூறிய பின்னர், வழக்கமான முறையில் அதனை நிறுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, பிரித்தல். பொத்தானை அழுத்தி நிறுத்துவது பிரித்தலாகாது. பொத்தான் பொறிக்குக் கட்டளை இடுகின்றதேயன்றி, மின்சாரத்தின் வழியை வெட்டுவதில்லை. பிரதான ஆளியை இழுத்து வழியையே துண்டித்தல் வேண்டும். நீராவிக் குழாயில் ஒரு வால்வு கசியக் கூடுமாதலால், இரு வால்வுகளை மூடி, இடையிலுள்ள வடிகாலைத் திறந்துவிடுதல் உத்தமம்.

நான்காவது, பூட்டுதலும் அட்டை கட்டுதலும். துண்டித்த ஆளியில் வேலை செய்பவர் தம் சொந்த ஆமைப்பூட்டைப் பூட்டி, திறப்பைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பூட்டோடு ஓர் அட்டை: ‘ஆபத்து. இயக்காதே. ஆள் வேலை செய்கின்றார்.’ அதிற் பெயரும் நாளும், கூடுமாயின் நிழற்படமும் இருத்தல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படுதல் அவசியம். எழுத்தறியாதார்க்குச் சிவப்பு நிறம் பேசும். அந்தச் சிவப்புப் பூட்டை வேறு எந்தத் தேவைக்கும், களஞ்சியக் கதவுக்கோ துவிச்சக்கர வண்டிக்கோ, பயன்படுத்தலாகாது. எங்கே சிவப்புப் பூட்டுத் தெரிகின்றதோ அங்கே ஓர் உயிர் இருக்கின்றது என்பது ஆலை முழுவதற்கும் பழகிப்போன பொருளாதல் வேண்டும்.

ஐந்தாவது, எஞ்சிய ஆற்றலைப் போக்குதல். சுழல்வது நிற்கும் வரை காத்திருத்தல், தூக்கி நிற்பதை இறக்குதல் அல்லது முட்டுக் கொடுத்தல், காற்றையும் ஆவியையும் வெளியேற்றுதல், கொள்ளளவிகளை மின்னிறக்குதல், சூடானவற்றை ஆறவிடுதல் என்பன இப்படியில் அடங்கும்.

ஆறாவது, சோதித்தல். இதுவே பலரும் விட்டுவிடும் படி. உயிரைக் காப்பதும் இதுவே. எல்லாரையும் விலக்கி நிறுத்திய பின்னர், தொடக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். பொறி அசையாவிட்டால் பொத்தானை மீண்டும் அணைந்த நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். மின்சாரம் அற்றதா என்று சோதிக்கும் விளக்கை, முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து எரிகின்றதா என்று பார்த்து, பின்னர் வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். விளக்கே பழுதாயிருந்தால், அது ‘மின்சாரம் இல்லை’ என்று பொய் சொல்லும். தவறான ஆளி பூட்டப்பட்டிருந்தால் அதனையும் இச்சோதனையே காட்டிக்கொடுக்கும்.

ஒருவர் அல்லாமற் பலர் ஒரே பொறியில் வேலை செய்வதாயின், ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பூட்டு வேண்டும். பல பூட்டுகள் மாட்டக் கூடிய இரும்புக் கொளுவி இதற்கென உண்டு. ஐவர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. நால்வர் முடித்துக் கழற்றிய பின்னரும் ஐந்தாமவரின் பூட்டு ஒன்று தொங்கும் வரை பொறி இயங்காது. தலைவரின் பூட்டு எல்லாரையும் காக்கும் என்று விடலாகாது. ஆள் மாறும் வேளையில், வருபவர் தம் பூட்டைப் பூட்டிய பின்னரே போகின்றவர் தம்முடையதைக் கழற்றல் வேண்டும். இடையில் ஒரு கணமும் பொறி பூட்டின்றி நிற்றல் ஆகாது. பைப்பர் அல்பாவில் மாண்ட 167 பேருக்கும் இந்த ஓர் ஒழுங்கு கிட்டியிருக்கவில்லை.

பூட்டியவரே கழற்றல் வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. அவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். முதலில் அவர் ஆலையுள் எங்கும் இல்லை என்பதை நேரிற் பார்த்து உறுதி செய்தல் வேண்டும். பின்னர் அவரோடு தொடர்பு கொள்ள முயலுதல் வேண்டும். அதன் பின்னரே பொறுப்பாளர் ஒருவர் தம் கையெழுத்தோடு பூட்டை நீக்கலாம். மறுநாள் அவர் வேலையில் இறங்குமுன், அவருடைய பூட்டு நீக்கப்பட்டது என்பதை அவர்க்குக் கூறியே ஆதல் வேண்டும். சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைப்பது எளிது. அப்படி உடைப்பவன் ஓர் இரும்பை மட்டும் உடைப்பதில்லை.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் சிலவற்றையும் கருதுதல் தகும்.

அட்டை மட்டும் போதாதா என்பது ஒன்று. அட்டை சொல்லும், தடுக்காது. காற்று அதனைப் பறிக்கும். உமித்தூசு அதனை மறைக்கும். அவசரக்காரன் அதனைப் படியான். பூட்டுக்குப் படிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றே. பூட்ட இயலாத பழைய ஆளியாயின், உருகிகளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோதல், ஆளிப் பெட்டிக்குக் கொளுவி பொருத்திப் பூட்டுதல் போன்ற வழிகள் உண்டு. இவையும் இயலாத இடத்திலேயே அட்டையை மட்டும் நம்புதல் வேண்டும். அங்கும் வேறு காவல் ஒன்றைச் சேர்த்தல் வேண்டும்.

நேரம் வீணாகின்றது என்பது இன்னொன்று. அறுவடைக் காலத்தில் ஒரு மணி நேரம் பொறி நின்றால் எத்தனை மூடை பிந்தும் என்பதை ஆலை முதலாளி விரல் மடித்துச் சொல்வார். அக்கணக்குப் பிழையானதன்று, ஆனால் முழுமையானதுமன்று. ஒரு கை சிக்கினால் ஆலை எத்தனை நாள் நிற்கும், நட்டஈடு எவ்வளவு, அந்தக் கையின் அனுபவத்தை யார் ஈடு செய்வர் என்ற வரிகளையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். பூட்டுவதற்கும் சோதிப்பதற்கும் செல்லும் சில நிமிடங்கள் அப்பொழுது மிகச் சிறிதாகத் தோன்றும்.

மூன்றாவது நியாயமே வலிமை மிக்கது. “இங்கே எல்லாரும் ஒரே ஊரார், மச்சான், மருமகன், அயல்வீட்டார். ஒருவரையொருவர் நம்பாமற் பூட்டுப் போடுவதா?” என்பர். சிறிய ஆலைகளில் இதுவே பெருந்தடை. பூட்டை அவநம்பிக்கையின் சின்னமாக மனிதர் கருதுவது இயல்பே. வீட்டுக் கதவின் பூட்டுக் கள்வனுக்காக இருக்கின்றது. ஆனால் ஆலையின் சிவப்புப் பூட்டுக் கள்வனுக்காக அன்று, நல்லவனுக்காகவே இருக்கின்றது. உறவினனின் நல்லெண்ணம் மறதியாலும் இரைச்சலாலும் கொலையாக மாறாதிருக்கவே அது தொங்குகின்றது. உள்ளே இருப்பவரை மட்டும் அது காப்பதில்லை. ஆளியருகே நிற்கும் இளைஞனையும் வாழ்நாள் முழுவதும் தொடரும் துயரத்திலிருந்து காக்கின்றது. ஆகையால் பூட்டு நம்பிக்கைக்குப் பகையன்று, நம்பிக்கைக்கு வேலி.

இப்பகுதி மக்கள் அமானிதம் என்ற சொல்லின் கனத்தை நன்கறிவர். ஒருவர் மற்றவரிடம் ஒப்படைத்த பொருள் குறைவின்றித் திரும்பல் வேண்டும். காலையில் ஆலை வாசலில் ஒரு தாயோ மனைவியோ விட்டுச்செல்லும் உயிரும் அமானிதமே. மாலையில் அதே கை கால்களோடு அதனைத் திருப்பிக் கொடுத்தல் ஆலை நடத்துவோரின் கடன். தவக்குல் என்னும் இறைநம்பிக்கையும் முயற்சியைக் கைவிடச் சொல்வதன்று. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பின்னர் விளைவை இறைவனிடம் விடுவதே அது. ஆளியைத் திறந்தபடி விட்டுவிட்டு விதியைக் குறை கூறுவது அந்நம்பிக்கையாகாது.

சட்டமும் இவ்விடத்து மௌனமாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுமாறும், ஓடும் பொறியைச் சிறுவர் துப்புரவு செய்யலாகாதெனவும் விதித்தது. அதற்கு முந்திய காலத்தில் கரிபியத் தீவுகளின் கரும்பாலைகளில், அடிமையின் கை உருளையிற் சிக்கினால் உடனே வெட்டி எடுப்பதற்கென ஒரு கோடரி பக்கத்தே வைக்கப்பட்டிருந்ததாம். கையை வெட்டக் கோடரி வைத்த உலகம், பொறியை நிறுத்தப் பூட்டு வைக்கும் உலகமாக மாறியதற்குப் பெயரே நாகரிகம். இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்குப் பின்னர் செய்ய வேண்டியதைக் கூறிற்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுதல், கொதிகலன்களைப் பரிசோதித்தல் முதலியவற்றை விதித்து விபத்துக்கு முன்னர் செய்ய வேண்டியதற்கு வழி காட்டிற்று. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தாற் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டது. எனினும், பரிசோதிக்கும் பொறியியலாளர் ஆண்டில் ஒரு நாள் வருவார். ஆளி நாளெல்லாம் சுவரில் இருக்கும். சட்டம் வாசல் வரை வரும். உள்ளே வர வேண்டியது பழக்கம்.

அப்பழக்கத்தை நாளையே தொடங்கலாம். பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் ஆலைக்குப் பத்துச் சிவப்பு ஆமைப்பூட்டுகள் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு திறப்பு; மாற்றுத் திறப்பு இருத்தலாகாது. சில கொளுவிகளும் அட்டைகளும் வேண்டும். சுவரில் ஒரு பலகையில் அவற்றைப் பெயரிட்டுத் தொங்கவிடுதல் வேண்டும். பொறிக்குப் பொறி ஆற்றல் வரும் வழிகளை எழுதி வைத்தல் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்வேலைக்காரருக்கும் ஒட்டுவேலைக்காரருக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். ஆலையின் குணத்தை அறியாத அவர்களே பெரும் ஆபத்தில் இருப்பவர். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு முறையையும் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். முதலாளியே பொறியைத் தொட இறங்கினாலும் முதலிற் பூட்டுவாராயின், நூறு அறிவுரைக்கு அஃது ஈடாகும். அவர் பூட்டாமல் இறங்குவாராயின், சுவரிலுள்ள பலகை வெறும் அலங்காரமாகிவிடும்.

வயலில் வேளாண்மை வெட்டும் பெரிய இயந்திரத்துக்கும் இதுவே நியதி. வைக்கோல் சுற்றி இறுகினால், இயந்திரத்தை அணைத்து, திறப்பை உருவிச் சட்டைப் பையில் இட்ட பின்னரே இறங்குதல் வேண்டும். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு ஓடும் வாருக்கு அருகே போவதும் ஆகாது; தளர்ந்த துணியை வார் முதலிற் பிடிக்கும், உடலைப் பின்னர் இழுக்கும்.

முன்னே கூறிய காட்சிக்கு மீண்டும் வருவோமாயின், அதே அறுவடைக் காலம், அதே ளுஹர் வேளை, அதே அடைப்பு. மூத்தவர் ஆளியை இழுத்து, சிவப்புப் பூட்டைப் பூட்டி, திறப்பை மடியில் முடிந்துகொண்டு அடிப்பெட்டியுள் கை வைக்கின்றார். இளைஞன் விரைந்து திரும்புகின்றான். “காக்கா, போடட்டுமா?” என்கின்றான். மறுமொழி இல்லை. ஆளியிற் கை வைக்கப் போனவன் சிவப்புப் பூட்டைக் காண்கின்றான். அதில் ஒரு பெயர் இருக்கின்றது. கையை எடுத்துக்கொண்டு, பொறியைச் சுற்றி வந்து, அவரைக் காண்கின்றான். “இரு தம்பி, இன்னும் கொஞ்ச நெல்தான்” என்கின்றார் அவர். அவன் பக்கத்தில் அமர்ந்து சாக்கைப் பிடிக்கின்றான். இருவரும் சேர்ந்து வேலையை முடிக்கின்றனர். அவர் எழுந்து, மடியிலிருந்த திறப்பை எடுத்து, தம் பூட்டைத் தாமே திறக்கின்றார். இயந்திரம் ஓடுகின்றது. பின்னர் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, தொழுகைக்கு நேரம் இருக்கின்றதா என்று பார்த்துப் பள்ளிவாசலை நோக்கி நடக்கின்றார்.

செய்தித்தாளில் இடம்பெறாத ஒரு நாள் அது. எல்லா ஆலைகளிலும் எல்லா நாட்களும் அத்தகைய நாளாக அமைதல் வேண்டும்.